கிபோரின் கல்லறை வழக்கு

மொன்றியல் மாநகரின் வில்லரே பகுதியிலுள்ள ஜாரி பூங்காவில், 1984 செப்டெம்பர் 11 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திறந்தவெளித் திருப்பலி நிறைவேற்றியபோது இலட்சக்கணக்கானோர் திரண்டனர். ஆனால் அதற்கு வெகுமுன்னரே கியூபெக் மாகாணத்தின் ஞாயிறு பூசைகளில் கூட்டம் குறைந்துவிட்டிருந்தது. 2021ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பிலும் மாகாண மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைக் கத்தோலிக்கர் என்றே பதிந்துள்ளனர். கத்தோலிக்கராக இருந்துகொண்டே ஆயரின் ஆணையை ஏற்க மறுக்கும் இப்போக்கின் தோற்றத்தைத் தேடுவோர்க்கு, பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் திருச்சபையிடமிருந்து அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட 1960களின் ‘அமைதிப் புரட்சி’யே வழக்கமாகச் சுட்டப்படும் விடை. அது எளிய விடையேயன்றி முழு விடையன்று. ஏனெனில் நீதிமன்ற ஆவணங்கள் தேடலை 1869க்கு இட்டுச் செல்கின்றன.

அவ்வாண்டு நவம்பர் 18 அன்று ஜோசப் கிபோர் என்னும் அச்சுத் தொழிலாளி மொன்றியலில் இறந்தார். அவர் உறுப்பினராயிருந்த ‘கனேடியக் கழகம்’, 1844இல் நூலகமும் சொற்பொழிவு மன்றமுமாகத் தொடங்கப்பட்டு, புரட்டஸ்தாந்தரையும் உறுப்பினராகச் சேர்த்து, உரோமை விலக்கிய நூல்களையும் தன் அலமாரிகளில் வைத்திருந்தது. எதைப் படிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது தன் கடமை எனக் கருதிய ஆயர் இக்னாஸ் பூர்ஜே, அதனின்று விலகாதவர்க்கு இறுதி நேரத்திலும் அருட்சாதனங்கள், அதாவது பாவமன்னிப்பு, நற்கருணை முதலிய திருச்சடங்குகள், வழங்கலாகாது என ஆணையிட்டார். உறுப்பினர் சிலர் 1865இலேயே உரோமைக்கு முறையிட்டிருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. திருச்சபையைத் துறந்தவர்கள் திருத்தந்தையிடம் நீதி கேட்டுப் போகமாட்டார்கள்.

கோத் தே நேஜ் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் கிபோருக்கு மந்திரிக்கப்பட்ட நிலம் மறுக்கப்பட்டு, திருமுழுக்குப் பெறாதவர்க்கான ஒதுக்குப்புறமே காட்டப்பட்டதால், அவருடைய மனைவி ஹென்றியெட் பிரவுன் வழக்குத் தொடுத்தார். உடல் மவுண்ட் ராயல் புரட்டஸ்தாந்தக் கல்லறைத் தோட்டத்தில் காத்திருந்தது. வழக்கு முடியுமுன்னரே, 1873இல், ஹென்றியெட்டும் இறந்தார். பேரரசின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில், கிபோர் பெயர் குறித்து முறைப்படி சபைவிலக்குச் செய்யப்படவில்லை என்பதால் அவரது அடக்க உரிமை அழியவில்லை என 1874 நவம்பரில் தீர்ப்பளித்தது. நம்பிக்கை எது என்பதைப் பற்றி அம்மன்றம் பேசவில்லை. திருச்சபையின் சொந்தச் சட்டத்தையே திருச்சபைக்கு எடுத்துக்காட்டியது, இதுவே தீர்ப்பின் கூர்மை.

1875 செப்டெம்பர் 2 அன்று உடலைக் கொண்டுசென்றவர்களைக் கூட்டம் வாயிலிலேயே தடுத்துத் திருப்பியனுப்பியது. நவம்பர் 16 அன்று படைவீரர் காவலோடு அடக்கம் நடந்து, எவரும் தோண்டியெடுக்காதபடி சவப்பெட்டியின்மேல் சீமெந்து ஊற்றப்பட்டது. பூர்ஜேயோ அந்நிலத் துண்டு எஞ்சிய புனித நிலத்தினின்று பிரிக்கப்பட்டதென அறிவித்தார். சட்டத்தில் தோற்ற ஆயர் ஊரில் தோற்கவில்லை.

தமிழ் வாசகருக்கு இத்தகைய பிணக்கு புதிதன்று. திருநெல்வேலிச் சீமையில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, ஆங்கிலிக்க மிஷனெரிமாரின் அதிகாரத்தை உதறி, கிறிஸ்துவை விடாமலே 1857இல் தனிச்சபை கண்டார். அவர் வெளியேறினார், கிபோர் வெளியேற மறுத்தார். கியூபெக்கில் பின்னர் பெருகியது கிபோரின் வழியே. எனவே அமைதிப் புரட்சி இப்போக்கைத் தோற்றுவித்தது என்பதைவிட, ஏற்கெனவே இருந்ததை அச்சமின்றி வெளிப்படுத்த இடமளித்தது என்பதே பொருத்தம். கிபோரின் உயிரோடும் உடலோடும் பிணைந்திருந்த ‘விலக்கப்பட்ட நூல்களின் அட்டவணை’யின் சட்ட வலுவை 1966இல் உரோமையே நீக்கிவிட்டது.