மூட்டையில் உள்ள இரும்பு

நியாயவிலைக் கடை அரிசியைக் களையும்போது சில மணிகள் மட்டும் நீரில் மிதப்பதுண்டு. பிளாஸ்டிக் அரிசி என்றஞ்சி அவற்றைப் பொறுக்கி எறியும் வீடுகள் இந்தியாவெங்கும் உள்ளன. அரிசிமாவைச் சத்துக்கலவையோடு பிசைந்து, அரிசி வடிவிலேயே பிழிந்தெடுத்த மணிகள் அவை. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு கலக்கப்பட்டன. எறியப்படுவதுதான் இரும்பு.

உண்டவர்க்கும் அது முழுமையாகச் சேர்வதில்லை. எளிதில் கரையும் ஃபெரஸ் சல்ஃபேட் உடலில் நன்கு சேரும்; ஆனால் சோற்றின் நிறத்தையும் சுவையையும் கெடுத்துவிடும். ஆகவே வெளிறிய ஃபெரிக் பைரோபாஸ்ஃபேட் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது நீரில் ஏறக்குறையக் கரையாது. கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாமல் இருக்க உதவும் அதே பண்புதான் குடலிலும் அதைத் தடுத்து நிறுத்துகிறது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, கிலோ அரிசிக்கு இந்த வடிவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சோடியம் அயர்ன் இடிடிஏ எனில் 14 முதல் 21.25 போதும், சரிபாதி. உட்கிரகிப்பின் வேறுபாட்டை விதியே ஒப்புக்கொள்கிறது. பயனைப் பேசும் அறிக்கைகளோ பெரும்பாலும் விநியோகித்த டன்களையே எண்ணுகின்றன.

தட்டில் பருப்பின் ஃபைட்டேட்டும், உண்டபின் அருந்தும் தேநீரும் இரும்பைப் பிணைத்துக்கொள்கின்றன. எலுமிச்சை அந்தப் பிணைப்பைத் தளர்த்தும். அது ரேஷனில் வருவதில்லை. தொற்றுநோயால் உடலில் அழற்சி இருந்தால் கல்லீரல் ஹெப்சிடினைச் சுரந்து குடலின் வாயிலையே அடைத்துவிடும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையோர். அவர்களுள் எத்தனை பேரின் வாயில் அடைபட்டிருக்கிறது என்பதை எந்த மூட்டையின் முத்திரையும் சொல்லாது.