இரண்டாவது வழி

தங்கம் போய்விட்ட ஊரில் ஒரு மகனின் செல்போனுக்குள் மிச்சமிருந்தது அப்பாவின் குரல். அதன் மீது கை வைப்பதற்கு முன் அவர் கற்றுக்கொண்டது சுரங்கத்துக்குப் பழைய பாடம்.

அதிகாலை இருட்டிலேயே மாரிக்குப்பம் ரயில் நிலையம் விழித்துக்கொள்கிறது. சாப்பாட்டுப் பை, ஸ்வெட்டர், காதில் செருகிய ஒயர் சகிதம் கூட்டம் பெட்டிகளில் ஏறுகிறது. சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று நின்று நின்று ரயில் பங்காருப்பேட்டையை எட்டுவதற்குள் உட்கார இடமிருக்காது. ஏறக்குறைய 100 கி.மீ. தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் போய் இரவு வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களின் நாள் இப்படித்தான் தொடங்குகிறது. தாத்தாக்களும் அப்பாக்களும் கேஜில் ஏறி பூமிக்குள் இறங்கிய கோலார் தங்க வயலில், பேரன்கள் ரயிலேறி வேலைக்குப் போகிறார்கள்.

அந்த ரயிலில் அவருக்கு 'டாக்டர்' என்று பெயர். பெங்களூரில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுபவர். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் சக பயணிகளின் செல்போன்களுக்கு வைத்தியம் பார்ப்பதில்தான் அவருக்கு உண்மையான ஆர்வம். படம் வராத போன், பாஸ்வேர்ட் மறந்த போன், 'சாப்ட்வேர் போட்டதில்' மூச்சு நின்றுபோன போன் எல்லாம் அவரிடம் வரும். எஸ்.பி. ரோடு கடைகளில் வேடிக்கை பார்த்தே கற்ற தொழில். காசு வாங்குவதில்லை. டீ மட்டும் உண்டு.

கடைக்காரர்கள் 'சாப்ட்வேர் போடுவது' என்று சொல்வதைத்தான் விவரமறிந்தவர்கள் பர்ம்வேரை மாற்றுவது என்கிறார்கள். போனை இயக்கும் அடிப்படை மென்பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது. 2008இல் முதல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே சயனோஜென்மோட் என்ற மாற்று மென்பொருள் தலையெடுத்தது. 2016 டிசம்பரில் அதன் கதை முடிந்தபோது லினேஜ் ஓ.எஸ். அந்த இடத்துக்கு வந்தது. தயாரித்த நிறுவனம் கைகழுவிவிட்ட போனுக்கு இன்னும் சில வருஷம் ஆயுள் கொடுக்க இவை உதவுகின்றன. புதுப் போன் வாங்க யோசிக்கும் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல.

ஆபத்தும் இருக்கிறது. 2018இல் ரயிலில் அறிமுகமான ஒரு பெரியவர் தன் போனை நீட்டினார். எங்கேயோ சாப்ட்வேர் போட்டுக்கொண்டாராம். போன் ஜோராக வேலை செய்தது, ஆனால் சிக்னல் மட்டும் வரவே இல்லை. நட்சத்திரம், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று அழுத்திப் பார்த்தார் டாக்டர். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வர வேண்டிய இடத்தில் வெற்றிடம். போனின் நினைவகத்தில் இ.எப்.எஸ். என்றொரு சிறு பகுதி உண்டு. போனின் அடையாள எண்ணுக்கும் ரேடியோவைச் சரிப்படுத்தும் அளவுகளுக்கும் பல போன்களில் அதுதான் இருப்பிடம். மொத்தமே சில மெகாபைட்தான். யாரோ கவனமில்லாமல் அதையும் சேர்த்துத் துடைத்திருந்தார்கள். முன்கூட்டியே ஒரு நகல் எடுத்திருந்தால் சில நிமிட வேலை.

"வேற நம்பர் எழுதித் தரேங்கறான் தம்பி, எழுதிக்கலாமா?" என்றார் பெரியவர். வேண்டவே வேண்டாம் என்று தடுத்தார் டாக்டர். ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் திருத்துவதைத் தடுக்க 2017இலேயே விதிகள் வந்துவிட்டன. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இதற்கு மூன்றாண்டு வரை சிறை, 50 லட்ச ரூபாய் வரை அபராதம் என்று இன்னும் கடுமையாகச் சொல்கிறது. தன் போனின் சொந்த நகலைத் திருப்பி வைப்பது ஒன்று. வேறொரு எண்ணை எழுதிக்கொள்வது வேறொன்று. பெரியவர் கடைசியில் புதுப் போன் வாங்கினார்.

அடுத்தவர் போனில் கற்ற இந்தப் பாடம் தன் போனுக்கு வந்தபோது எவ்வளவு தூரம் கைகொடுத்தது என்பது 2021இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

அவருடையது 2017இல் வாங்கிய போன். தயாரிப்பாளர்கள் அனுப்பும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோய், தொட்டால் நெடுநேரம் கழித்தே அசையும் நிலைக்கு வந்திருந்தது. அதைத் தூக்கிப் போட அவருக்கு மனமில்லை. காரணம் அதற்குள் இருந்த பதினோரு ஒலிப்பதிவுகள். அத்தனையும் அவருடைய அப்பாவின் பேச்சு.

அப்பா சாம்பியன் ரீபில் வேலை பார்த்தவர். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி இங்கே காலூன்றியபின், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சாரிசாரியாக வந்து இறங்கிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் வந்த ஊர் இது. தெருக்களில் விளக்கெரிந்தது. அந்த வெளிச்சத்துக்குக் கீழே 3 கி.மீ.க்கும் அதிகமான ஆழத்தில், தகிக்கும் பாறைகளுக்கு நடுவில் ஆட்கள் துளை போட்டார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டபோது அப்பாவுக்கு வேலை போனது. நுரையீரலில் படிந்த கல்தூசு மட்டும் போகவில்லை. 2019இல் சிலிகோசிஸ் அவரைக் கொண்டுபோனது. அதற்கு முந்தைய வருஷம், மூச்சு வாங்காத மாலை வேளைகளில், மகன் நீட்டிய போனுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் பழைய கதைகளைச் சொன்னார். அவைதான் அந்தப் பதினொன்று.

போன் வாங்கிய புதிதிலேயே அதன் பூட்லோடரைத் திறந்து, டி.டபிள்யூ.ஆர்.பி. என்ற ரிகவரியைப் போட்டு வைத்திருந்தார் டாக்டர். பூட்லோடர் என்பது போனின் வாசல் காவல்காரன். ஆண்ட்ராய்டு போன்களில் அதைத் திறக்கும்போதே பொதுவாக உள்ளிருப்பதெல்லாம் துடைக்கப்பட்டுவிடும். எனவே நகல் எடுப்பதானால் அதற்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். அவர் திறந்தபோது போனில் இழக்க எதுவும் இல்லை. இப்போது இருந்தது.

முழு சிஸ்டத்தையும் அப்படியே நகலெடுக்கும் முறைக்கு நாண்ட்ராய்டு பேக்கப் என்று பெயர். நாண்ட் என்ற நினைவகச் சில்லின் பெயரையும் ஆண்ட்ராய்டையும் ஒட்டவைத்த சொல் அது. சுரங்கத்தில் பல லெவல்கள் இருப்பது போல போனின் நினைவகத்திலும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. போனை எழுப்பிவிடுவது பூட். இயங்கு மென்பொருள் இருப்பது சிஸ்டம். அப்ளிகேஷன்களும் அவற்றின் கணக்கு வழக்கும் டேட்டாவில். அவர் எல்லாவற்றையும் டிக் செய்தார். பெரியவரின் ஞாபகம் வந்து இ.எப்.எஸ்.ஸையும் மறக்காமல் டிக் செய்தார். கால் மணி நேரம் ஓடி, வெற்றி என்று திரை அறிவித்தது.

அடுத்த கட்டம் டேட்டா பகுதியை பார்மட் செய்வது. 'எஸ்' என்று டைப் செய்தால் போதும். முதல் எழுத்தையும் அடித்துவிட்டார். அப்போதுதான் கண்ணில் பட்டது ஒரு கணக்கு. எடுத்த பேக்கப்பின் அளவு சுமார் 5 ஜி.பி. ஆனால் போனில் நிரம்பியிருந்தது 24 ஜி.பி. கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கும் மனம் சும்மா இருக்குமா? மீதி 19 எங்கே? படங்களும் ஒலிப்பதிவுகளும் ஏற்கனவே சுருக்கப்பட்டவை. அமுக்கினாலும் அந்தளவு சிறுக்காது.

விஷயம் இதுதான். நாம் எடுக்கும் படங்கள், பதிவு செய்யும் குரல்கள் எல்லாம் டேட்டா பகுதிக்குள்ளேயே மீடியா என்ற ஒரு தனி அறையில் கிடக்கின்றன. நாண்ட்ராய்டு பேக்கப் வேண்டுமென்றேதான் அந்த அறையைத் தொடாமல் விடுகிறது. ஏனென்றால் பேக்கப்பை எழுதுவதே பெரும்பாலும் அந்த அறைக்குள்தான். தன்னையே தான் நகலெடுக்க முடியாது. பார்மட் செய்திருந்தால் அப்பாவின் குரலும் போயிருக்கும், காப்பாற்றும் என்று நம்பிய பேக்கப்பும் கூடவே போயிருக்கும். சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

கை நடுங்கியது என்கிறார் அவர். அடித்த எழுத்தை அழித்துவிட்டு வெளியே வந்தார். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரைக் கடன் வாங்கி, ஒயரைச் செருகி, பேக்கப்பையும் மீடியா அறையில் இருந்த அத்தனையையும் அதற்கு மாற்றினார். இன்னொரு பிரதியை ஒரு பென் டிரைவில் ஏற்றினார். அது மறுநாளே பங்காருப்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டு பீரோவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பார். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பதிவாகத் திறந்து கேட்டார். பத்து பதிவுகள் பேசின. பதினோராவது வாய் திறக்கவில்லை. பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. மாற்றும்போது ஒயர் லேசாக ஆடியிருக்க வேண்டும். போனில் மூலம் பத்திரமாக இருந்ததால் மறுபடி எடுத்தார். இந்த முறை பேசியது. பென் டிரைவிலும் அதைத் திருத்தி வைத்தார்.

அதில் அப்பா ஒரு ஏர் பிளாஸ்ட் பற்றிச் சொல்கிறார். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சரிவதை வயலில் அப்படித்தான் சொல்வார்கள். நிலநடுக்கம் போல மேலே வீடுகளில் பாத்திரங்கள் உருளும். அன்று அவர்கள் வந்த வழி மூடிக்கொண்டது. வேறு பக்கமாக நடந்து, ஏணி ஏறி, இன்னொரு ஷாப்ட் வழியாக மேலே வந்தார்களாம். ஒரு சுரங்கத்துக்கு இரண்டு வெளியேறும் வழிகளாவது இருக்க வேண்டும் என்பது இந்தியச் சுரங்க விதி. ஆனால் அப்பா விதியைப் பற்றிப் பேசவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மூத்த தொழிலாளி ஒருவர் தன்னை அந்த வழியில் ஒருமுறை நடத்திக் கூட்டிப்போனதைச் சொல்கிறார். நடுவழியில் விளக்கை அணைத்து, சுவரைத் தடவிக்கொண்டே வரச் சொன்னாராம். "வழி இருக்குதுன்னு தெரிஞ்சா பத்தாது. கால் பழகி இருக்கணும்" என்கிறது பதிவு. பிறகு இருமல். நீண்ட இருமல்.

அடுத்த ஞாயிறு வேலை நடந்தது. முதல் முயற்சியில் போன் நிறுவனத்தின் சின்னத்தைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்துவிட்டது. அரை மணி, முக்கால் மணி, அதற்கு மேல் நகரவில்லை. வேறொரு போனாக இருந்தால் வியர்த்திருக்கும். இவர் பேக்கப்பை போனுக்குத் திருப்பி அனுப்பி, ரீஸ்டோர் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது போன் பழையபடி விழித்திருந்தது. சிக்னல் இருந்தது, 15 இலக்கமும் இருந்தன. தவறான பைலைப் போட்டிருந்தது அப்புறம்தான் புரிந்தது. இரண்டாவது முறை லினேஜ் ஓ.எஸ். சரியாக உட்கார்ந்தது.

ரயிலில் இப்போதும் யோசனை கேட்டு வருகிறார்கள். அவர் சொல்வது கொஞ்சம் மாறியிருக்கிறது. புதிய போன்களில் உள்ளிருப்பவை ரகசியக் குறியீடாக மாற்றப்பட்டே சேமிக்கப்படுகின்றன. அதைத் திறக்கும் சாவி அந்தப் போனின் சில்லோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. துடைத்தால் சாவியும் போகும். அப்புறம் மூட்டையை அப்படியே நகலெடுத்து வைத்திருந்தாலும் பிரிக்க முடியாது. பூட்லோடரைத் திறக்கவே விடாத நிறுவனங்களும் உண்டு. எனவே முழு சிஸ்டம் பேக்கப்பை மட்டும் நம்பக் கூடாது என்கிறார். படம், குரல், தொலைபேசி எண்கள், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் தனித்தனியாகவும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். போனுக்குள் ஒரு பிரதி இருந்தால் அது பிரதியே அல்ல. எடுத்ததைத் திறந்து பார்க்காதவரை எடுத்ததாகவும் ஆகாது.

கேட்பவர்களுக்குக் கொஞ்சம் அலுப்புத்தான். ஒரு போனுக்கு இத்தனை பாடா? ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. சுரங்கம் மூடப்பட்டபின் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த பம்புகள் நின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட வருஷங்கள் தோண்டிய ஆயிரத்துக்கும் அதிகமான கி.மீ. நீளச் சுரங்கப் பாதைகளில் நீர் ஏறியது. மறுபடி திறக்கப் போகிறார்கள் என்ற பேச்சு பலமுறை வந்து போயிருக்கிறது. அப்பாக்கள் நடந்து பழகிய அந்த இரண்டாவது வழிகள் தண்ணீருக்கடியில் இருக்கின்றன. அவை எப்படி இருந்தன என்று சொல்லக்கூடியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். மேலே மிச்சமிருப்பவை சயனைடு மண் மேடுகளும், பேசத் தெரிந்த சில முதியவர்களும்தான்.

அந்தப் பழைய போன் இப்போது ராபர்ட்சன்பேட்டை வீட்டில் அம்மாவிடம் இருக்கிறது. சமையலறை ஜன்னலோரம் சாய்த்து வைத்து, வேலை முடிந்த மத்தியானங்களில் பதிவுகளைக் கேட்கிறார். ஒருநாள் மகன் யோசனை சொன்னார். சத்தத்தைச் சுத்தம் செய்யும் அப்ளிகேஷன் வந்திருக்கிறது, இருமலையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டால் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தார். "வெட்டாதே கண்ணு. அதுவும் உங்கப்பாதான்."