அப்பாவின் லாரிக்குப் புதுத் தரை



போடிநாயக்கனூர் என்றதும் எல்லோருக்கும் ஏலக்காயின் மணமே நினைவுக்கு வரும். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் இவ்வூரில் இருப்பதால், இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து காய்கள் இங்கு வந்து குவிகின்றன. அம்மணத்தை மலையிலிருந்து சுமந்து வருவோரின் பாதங்களை நாம் நினைப்பதுண்டா? அக்காளும் தங்கையுமாக இப்பள்ளியில் பயிலும் நாங்கள் இருவரும் சென்ற கோடை விடுமுறையில்தான் நினைத்தோம்.

எங்கள் அப்பா லாரி ஓட்டுநர். லாரி சொந்தந்தான், ஆனால் எங்களில் மூத்தவளைவிட அதற்கு வயது அதிகம். அரிசியும் உரமும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை செல்வார். திரும்பும்போது ஏலக்காய் மூட்டைகள் வரும்.

ஒருநாள் இரவு அப்பாவின் வலது குதிகாலில் கொப்புளம் இருப்பதை அம்மா கண்டுவிட்டார். "ஒண்ணுமில்லை, மேட்டுல ஏறும்போது தரை கொஞ்சம் சுடும். சாக்கை மடிச்சுப் போட்டிருக்கேன்" என்றார் அப்பா. அந்தச் சாக்கு ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் நழுவிப் பிரேக் மிதியின் அடியில் சிக்கியதைக் கிளீனர் அண்ணன் சொல்லித்தான் அறிந்தோம். அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை அம்மா தம் சீட்டுப் பணத்தை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார்.

தரை ஏன் சுடுகிறது? மலையேறும்போது லாரி சிறிய கியரில் ஊர்ந்து செல்லும். என்ஜினோ வேகமாகச் சுழலும். வண்டி மெதுவாகப் போவதால் காற்று பட்டு ஆறவும் வழியில்லை. என்ஜின், கியர் பெட்டி, புகைக்குழாய் ஆகியவற்றின் சூடெல்லாம் மேலேயுள்ள இரும்புத் தகட்டில் ஏறிவிடுகிறது.

பட்டறையில் மெக்கானிக் மாமா இருக்கைகளைக் கழற்றி, பழைய ரப்பர் விரிப்பை உரித்தார். அடியிலிருந்த சணல் மெத்தை நனைந்த பஞ்சாக இருந்தது. மலையில் மூடுபனியும் மழையும். ஈரக்காலுடன் ஏறி இறங்கும்போது நீர் விரிப்பின் கீழே புகுந்து உலராமல் தங்கிவிடும். தகடு துருப்பிடித்து, விரல் நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டைகள் விழுந்திருந்தன. புகையும் அவ்வழியேதான் உள்ளே வந்திருக்கிறது. "ஓட்டையை அடைக்காம மெத்தை விரிச்சா, புண்ணைக் கழுவாம கட்டுப் போட்ட மாதிரி, பாப்பா" என்றார் மாமா.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார்கள். பிறகு அரித்துப்போன பகுதியை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடும் பெயின்ட்டும் பூசினார்கள். அது நன்றாகக் காய்ந்தபின் தார் ஷீட்டை ஒட்டி அழுத்தினார்கள். அதன் கனம் தகட்டின் அதிர்வை அடக்குவதால் இரைச்சல் குறையும். அதன்மேல் சணலுக்குப் பதிலாக நீரை உறிஞ்சாத நுரைத்தாள். அதன் நுண்ணறைகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அடியில் புகைக்குழாய்க்கும் தரைக்கும் நடுவே, காற்றோட இடம்விட்டு ஒரு மறைப்புத் தகட்டையும் பொருத்தினார்கள்.

விரிப்புக்கு அளவெடுப்பது எங்கள் பங்கு. தையல் வகுப்பில் ரவிக்கைக்குக் காகிதம் வெட்டக் கற்றிருந்தோமல்லவா? அதே முறையில் செய்தித்தாளை ஒட்டி, மிதிகளுக்கும் கியர் தண்டுக்கும் வளைவுகள் வெட்டிக் கொடுத்தோம். "ரெண்டு டெய்லரும் நம்ம பட்டறைக்கே வந்துருங்க" என்று மாமா சிரித்தார். கனமான ரப்பர் விரிப்பை அந்த அளவில் வெட்டி, நழுவாதபடி ஓரங்களை அலுமினியப் பட்டையும் திருகும் வைத்து இறுக்கினார்கள். நீர் வடியும் துளைகளை அடைக்காமல் ரப்பர் மூடிகள் இட்டார்கள். கடைசியில் மூன்று மிதிகளையும் முழுவதும் அழுத்தி, எதிலும் தட்டவில்லை என்று உறுதி செய்தபிறகே அப்பாவிடம் சாவியைக் கொடுத்தார் மாமா.

தரை குளிர்ந்துவிடவில்லை, வெதுவெதுப்பாக இருக்கிறது, அவ்வளவே. ஆனால் குதிகால் ஆறிவிட்டது. வளைவில் எதிரே வரும் வண்டியின் ஹாரன் இப்போதுதான் தெளிவாகக் கேட்கிறது என்கிறார் அப்பா. சாக்கு மறுபடி சாக்காகிவிட்டது. அம்மா அதில் வெங்காயம் கட்டி வைத்திருக்கிறார்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி இருக்கவேண்டும் என்பது மத்திய அரசின் விதி. மிக நல்லதே. ஆனால் அவ்விதி பழைய லாரிகளைத் தொடாது. அவற்றில் செல்பவர்களை நாமல்லவா கவனிக்க வேண்டும்?

தோழியரே! உங்கள் அப்பாவோ அண்ணனோ லாரி ஓட்டலாம். உங்கள் அம்மாவோ அத்தையோ விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலக்காய் பறிக்க மலைக்குச் செல்லலாம். இந்த வாரமே அந்த வண்டியின் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஈரமோ துருவோ ஓட்டையோ இருந்தால் வீட்டில் சொல்லுங்கள். சுடுகிறது என்று அவர்களாக ஒருபோதும் சொல்லமாட்டார்கள்.