மூன்று விலைப்புள்ளிகள்

போன மாதம் என் அக்கா மகன் மூன்று விலைப்புள்ளிகளைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டான். முத்தியால்பேட்டையில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறான். ரிப்போர்ட் போடும் மென்பொருளை மாற்ற வேண்டுமாம்.

"மாமா, ஆபீசில முப்பது வருஷம் டெண்டர் பார்த்தவரு நீங்க. எது சல்லிசுன்னு சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றான்.

விலை மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பின்னால் இணைத்திருந்த சேவை ஒப்பந்தம் இருக்கிறதே, எஸ்.எல்.ஏ. என்கிறார்கள், வித்தியாசமெல்லாம் அதில்தான். பழைய வழக்கப்படி ஃபுல்ஸ்கேப் தாளில் கோடு போட்டு கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் எழுத உட்கார்ந்தேன்.

முதல் கம்பெனி 99.9 சதவீத நேரம் சேவை தடையின்றி இருக்கும் என்கிறது. இரண்டாவது 99.5. மூன்றாவது 99. "எல்லாம் நூறுக்குப் பக்கம்தானே மாமா?" என்றான் பையன். 30 நாள் மாதத்துக்கு 43,200 நிமிடம். 99 என்றால் மாதத்தில் 7 மணி 12 நிமிடம் நின்றுபோனாலும் நாம் வாய் திறக்க முடியாது. 99.5 என்றால் 3 மணி 36 நிமிடம். 99.9 என்றால் வெறும் 43 நிமிடம்தான். ஆனால் முதல் கம்பெனி மாதக் கணக்குப் பார்க்கவில்லை, வருடக் கணக்கு என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. வருடத்துக்கு என்றால் 8 மணி 45 நிமிடம். அதை ஒரே நாளில் தீர்த்துவிட்டாலும் ஒப்பந்த மீறல் ஆகாது. காலையில் வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறவர்களிடம் சதவீதம் பேச முடியுமா?

நஷ்ட ஈடும் பணமாக வராது. அடுத்த பில்லில் கழிவு. பெரிய இடங்களிலும் இப்படித்தான். கூகுள் ஒர்க்ஸ்பேஸ் 99.9-க்குக் கீழே இறங்கினால் 3 நாள் சேவை கூடுதலாகத் தரும், 95-க்குக் கீழே போனால் 15 நாள். அதுவும் நாமாகக் கேட்டால்தான்.

மூன்று பேருமே "4 மணி நேரத்துக்குள் பதில்" என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியில்தான் என் பேனா நின்றது.

1980-களில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளுக்குப் பராமரிப்பு டெண்டர் வந்தது. குறைந்த விலைக்காரர், "24 மணி நேரத்தில் ஆள் வருவார்" என்று எழுதியிருந்தார். அவருக்கே தரலாம் என்று குறிப்பு எழுதியவன் நான். மே மாதத்தில் ஒரு பெட்டி நின்றது. ஆள் மறுநாளே வந்தார், பார்த்தார், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார், கம்ப்ரசர் மெட்ராஸிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வந்து சேர 11 நாள் ஆயிற்று. உள்ளே இருந்த மருந்து முழுவதையும் குழி வெட்டிப் புதைத்தோம். அபராதம் போடவும் வழியில்லை. அவர் சொன்னபடி வந்துவிட்டாரே! என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கோப்பில் என் குறிப்பு சரியாகத்தான் இருந்தது. மருந்து கிடைக்காமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கோப்பிலும் இல்லை.

நொத்தேர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் பெரியப்பா இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. பிரெஞ்சுச் சட்டத்தில் கடமை இரண்டு வகை என்றார். முயற்சி செய்வதாக ஒப்புக்கொள்வது ஒன்று, ஒப்ளிகாசியோன் த முவாயேன். முடித்துத் தருவதாக ஒப்புக்கொள்வது இன்னொன்று, ஒப்ளிகாசியோன் த ரெசுல்தா. வைத்தியர் முதல் வகை. மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிக்காரர் இரண்டாம் வகை. "நீ வண்டிக்காரனிடம் வைத்தியன் பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறாய்" என்றார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சிலேயே படித்தவன் நான். எனக்கு அதுவரை யாரும் இதைச் சொன்னதில்லை.

இப்போது மூன்று ஒப்பந்தங்களையும் அந்தக் கண்ணோடு பார்த்தேன். இரண்டாவது கம்பெனி மட்டும், சேவை முழுதாக நின்றால் 8 மணி நேரத்தில் சரிசெய்து தருவோம் என்கிறது. ஆனால் திங்கள் முதல் வெள்ளி, காலை 9 முதல் மாலை 6 வரைதான் அந்தக் கணக்கு ஓடும். இவன் கூடம் திறப்பதோ காலை ஆறரைக்கு, ஞாயிறும் உண்டு. வெள்ளி மாலை நின்றால் திங்கள் காலைதான் முதல் மணி தொடங்கும்.

அவன் பெயரில் நானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். நேரம் காலை 6 முதல், ஞாயிறு சேர்த்து; சரிசெய்ய 4 மணி; ஒப்பந்தம் முடிந்தால் நோயாளிகளின் பழைய ரிப்போர்ட் அத்தனையும் திருப்பித் தர வேண்டும். நேரத்துக்கும் ரிப்போர்ட்டுக்கும் இரண்டாவது கம்பெனி ஒப்புக்கொண்டது, கொஞ்சம் கூடுதல் பணத்துக்கு. 4 மணிக்கு மட்டும் மறுத்து 6 மணி என்றார்கள்.

"சல்லிசா கேட்டா செலவு வச்சுட்டீங்களே மாமா" என்று முனகிக்கொண்டே பேனாவை எடுத்தான். கடைசிப் பக்கத்தில் மட்டும் போட்டால் போதாது, எல்லாப் பக்கத்திலும் சின்னதாக ஒரு பராஃப் போடு என்றேன். பதினான்கு பக்கம். போட்டான்.