உத்திரமேரூரில் கண்ட ஆகாயப் படை ஆயுதம்

செங்கற்பட்டிலிருந்து தெற்கே சென்று, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, புக்கத்துறையில் மேற்கே திரும்பினால் உத்திரமேரூர்ச் சாலை. பாலாற்றில் வழக்கம்போல் மணலே காட்சி தந்தது. ஊரை நெருங்கியதும் ஏரி கண்ணுக்குக் குளிர்ச்சியாக விரிந்தது. பல்லவர் காலத்துச் சாஸனங்கள் 'வயிரமேக தடாகம்' என்று பெயர் சொல்லும் ஏரி இதுதான்.

இவ்வூருக்கு வருகிறவர்கள் முதலில் நாடுவது வைகுண்டப் பெருமாள் கோயிலை. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், சபையார் குடவோலைத் தேர்தலுக்கு விதி வகுத்துச் சுவரில் வெட்டுவித்தார்கள். அந்த விதிகளுள் நமக்கு மிகவும் பிடித்தது ஒன்று: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது, அவருடைய உறவினர் பெயரும் கூடாது. நம் காலத்துக்கு இவ்விதி எவ்வளவு பொருந்தும் என்பதை நேயர்களே யோசித்துக் கொள்ளலாம்.

கோயிலைப் பார்த்துவிட்டுக் கடைத்தெருவில் நடந்தோம். ஆயுத பூஜைக்கு மறுநாள் அது. பம்புசெட்டு பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில், சந்தனமும் குங்குமமும் இட்ட கருவிகள் வாழையிலையில் இன்னும் வரிசையாக இருந்தன. சுத்தியல், அரம், திருப்புளி, குறடு; அவற்றின் நடுவே இரு முனையிலும் வாயுள்ள கறுத்த ஸ்பானர் ஒன்று. அதன் தண்டில் ஒரு கிரீடம், கீழே 'ஏ.எம்.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்கள். பக்கத்தில் 1941 என்ற வருஷம்.

"இது ஏது?" என்று பட்டறைக்காரரைக் கேட்டோம்.

"எங்க அப்பா மூர் மார்க்கெட்டிலே வாங்கினதுங்க, ஸார். டிஸ்போசல் சாமான். பழைய ஆயில் இஞ்ஜின் நட்டுக்கு இதுதான் கச்சிதமா உட்காரும். புது மோட்டாருக்கு ஆகாது" என்றார் அவர்.

அந்த எழுத்துக்கள் பிரிட்டிஷ் ஆகாய மந்திரி இலாகாவின் முத்திரை. யுத்தம் முடிந்ததும் மிச்சப்பட்ட தளவாடங்களைச் சர்க்கார் விற்றுத் தீர்த்தார்கள். 'டிஸ்போசல்' என்ற சொல் பட்டறைத் தமிழில் புகுந்தது அப்படித்தான். சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கு இரையாயிற்று. அங்கே வாங்கிய சாமான்கள் எத்தனையோ கிராமங்களில் இன்னும் உழைக்கின்றன.

ஸ்பானரின் ஒரு வாயில் 'அரை' என்று போட்டிருந்தது. அளந்தால் அரை அங்குலம் இல்லை. ஓர் அங்குலத்துக்குச் சற்றே குறைவு! இது தவறன்று. 1841-ல் ஜோஸப் விட்வர்த் என்ற ஆங்கிலேயர் ஏற்படுத்திய முறையில், ஸ்பானரில் உள்ள எண் போல்ட்டின் கனத்தைக் குறிக்கும். வாயின் அகலத்தை அன்று. அமெரிக்க ஸ்பானரிலோ, அரை என்றால் வாயே அரை அங்குலம். மரையின் கோணமும் வேறு: விட்வர்த்துக்கு 55 பாகை, அமெரிக்கருக்கு 60.

ஏட்டில் இது சிறிய வித்தியாசம். போர்முனையிலோ உயிர் விஷயம். இரண்டாம் உலக யுத்தத்தில் நம் இந்திய விமானப்படையினர் பிரிட்டிஷ் ஹரிகேனையும் ஓட்டினார்கள், அமெரிக்க வெஞ்ஜன்ஸையும் ஓட்டினார்கள். ஒன்றன் ஸ்பானரை மற்றதன் நட்டில் வைத்து முறுக்கினால் நட்டின் முனைகள் மழுங்கும். பிறகு அது இறுகவும் இறுகாது, கழலவும் கழலாது. இறுக்கிய போல்ட்டின் தலையில் கம்பியைக் கோத்து, குறட்டால் முறுக்கிக் கட்டுவதும் உண்டு, இஞ்ஜின் அதிர்ச்சியில் கழலாதிருக்க. வேலை முடிந்தபின் கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு திருப்புளி குறைந்தாலும் விமானம் கிளம்பக்கூடாது. அது உள்ளே கிடந்து சுக்கான் கம்பியில் சிக்கினால் விமானி என்ன செய்வான்? கணக்குக் காட்டாதவனுக்கு இங்கும் இடமில்லை.

விமானிகளுக்குப் பதக்கம் கிடைத்தது; பெயர் கிடைத்தது. ஸ்பானர் பிடித்தவர்களை யார் நினைக்கிறார்கள்? 1933 ஏப்ரல் முதல் தேதி, கராச்சியில் நம் முதல் ஸ்குவாட்ரன் பிறந்தபோது இருந்தவை நான்கு வாபிடி விமானங்கள். அவற்றைப் பராமரிக்க வந்தவர்கள் 19 பேர். 'ஹவாய் சிப்பாய்' என்பது அவர்களுக்கு இட்ட பெயர். அவர்களுள் ஹர்ஜிந்தர் சிங் லாகூரில் இஞ்ஜினீயரிங் படித்தவர். இருந்தும் சிப்பாயாகவே சேர்ந்தார். 1942 பிப்ரவரியில் பர்மாவின் டௌங்கூ தளத்தில் ஜப்பானியர் குண்டு வீசியதும், வேவு பார்க்க வந்த லைஸாண்டர் விமானங்களில் 250 ராத்தல் குண்டுகளை மாட்டிக்கொண்டு மஜும்தார் பதிலடி கொடுக்கப் பறந்தார். அந்த விமானங்களைப் பறக்கும் நிலையில் வைத்திருந்தவர்கள் ஹர்ஜிந்தரும் அவருடைய ஆட்களுமே. அவர் பிற்காலத்தில் ஏர் வைஸ் மார்ஷலாக உயர்ந்தார்.

கருவி பழகிய கைகள் என்ன செய்யும் என்பதற்குக் கான்பூர்க் கதை ஒன்று போதும். யுத்தம் முடிந்து போகும்போது, பிரிட்டிஷ் விமானப்படை அமெரிக்கா கொடுத்திருந்த லிபரேட்டர் குண்டு விமானங்களைக் கான்பூரில் குவித்து, இனி எவரும் ஓட்டாதபடி சேதப்படுத்திவிட்டது. ஸ்வதந்திர இந்தியாவிடம் அப்போது கனரகக் குண்டு விமானம் ஒன்றுகூட இல்லை. பெங்களூரில் வால்சந்த் ஹீராசந்த் 1940-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை யுத்த காலத்தில் அமெரிக்கப் படையின் பொறுப்பில் இருந்தது. அமெரிக்க விமானங்களைப் பிரித்துக் கோக்கும் வித்தையை நம் தொழிலாளர் அங்கே கற்றிருந்தனர். அந்தத் தொழிற்சாலையார் கான்பூருக்கு ஆள் அனுப்பினார்கள். ஒன்றின் உறுப்பை எடுத்து மற்றொன்றில் பொருத்தி, பறக்கும் அளவுக்குத் தேற்றினார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். இப்படிப்பட்ட விமானத்தில் ஏற எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அவற்றை நட்டு நட்டாகப் புதுப்பித்து, 1948 நவம்பரில் ஐந்தாம் ஸ்குவாட்ரனை அமைத்தார்கள். 1968 வரையில் லிபரேட்டர்கள் நம் படையில் பறந்தன.

உலகத்தில் இன்று எஞ்சியுள்ள லிபரேட்டர்களுள் பல, இந்தியாவிலிருந்து போனவைதாம். சேதப்படுத்திவிட்டுப் போன அதே பிரிட்டிஷ் விமானப்படையின் அருங்காட்சி சாலைக்கு, அவற்றில் ஒன்றை 1974-ல் நம் விமானப்படை அன்பளிப்பாக அனுப்பிவைத்தது.