வாப்பாவின் மௌனம்

சகோதரிகளே, ஒரு யுத்தம் எப்போது முடிகிறது? துப்பாக்கிகள் ஓய்ந்த நாளிலா, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலா? போருக்குப் போய் வந்தவரின் வீட்டாரைக் கேட்டால் வேறு பதில்தான் வரும்.

பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதப் பழக்குவதும் என் தொழிலில் ஒரு பங்கு. அதனால்தானோ என்னவோ, எழுத்தைக் கற்பித்த ஓர் அமெரிக்கச் சிப்பாயின் கதை என் மனதில் தங்கிவிட்டது. டிம் ஓ பிரையன் என்பது அவர் பெயர். 1946இல் பிறந்தவர். 1969, 1970ஆம் ஆண்டுகளில் வியட்நாமில் காலாட்படையில் இருந்தார். பிற்காலத்தில் டெக்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவருக்குக் கதை எழுதக் கற்பித்தார்.

அவர் விரும்பிப் போருக்குப் போகவில்லை. 1968இல் பட்டப்படிப்பை முடித்த கையோடு கட்டாய இராணுவ சேவைக்கு அழைப்பு வந்தது. அந்த யுத்தம் தவறு என்பது அவர் எண்ணம். கனடாவுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் ஊர் என்ன சொல்லும், வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கம் அவரைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டது. போகத் துணிந்ததை அல்ல, மறுக்கத் துணியாததையே தம் கோழைத்தனம் என்று பின்னர் சொல்லி வந்தார். ஊர்வாய்க்குப் பயந்து ஒரு பிள்ளையின் வாழ்வைத் திருப்பிவிடுவது எங்கேயும் நடப்பதுதான்.

அவருடைய தந்தையும் இரண்டாம் உலக யுத்தத்தில் கடற்படையில் இருந்தவர். குடிப்பழக்கம் அந்தத் தந்தையைப் பிடித்துக்கொண்டது. அது மகனின் சிறுவயதில் ஆறாத வடுவாயிற்று.

1990இல் வெளிவந்த 'அவர்கள் சுமந்தவை' என்று பொருள்படும் நூல் அவருக்குப் பெரும் பெயர் தந்தது. அதில் வரும் ஒன்பது வயது மகள், "நீங்கள் யாரையாவது கொன்றீர்களா?" என்று தகப்பனிடம் கேட்கிறாள். அவர் இல்லை என்று சொல்லி அவளை மடியில் இருத்திக்கொள்கிறார். அவள் வளர்ந்தபின் மறுபடி கேட்க வேண்டும் என்றும் உள்ளூர ஆசைப்படுகிறார். அந்த மகள் கற்பனை. அப்போது ஓ பிரையனுக்குப் பிள்ளைகளே இல்லை.

1994இல் வந்த இன்னொரு நாவலில், மை லாய் கிராமத்தில் 1968 மார்ச் 16இல் நடந்த படுகொலையில் தனக்கிருந்த பங்கைக் கணவன் மனைவியிடம் மறைக்கிறான். உண்மை வெளிவந்த பிறகு ஒருநாள் மனைவி காணாமலே போகிறாள்.

2003இல், ஐம்பத்தாறாவது வயதில், அவருக்கு முதல் மகன் பிறந்தான். 2005இல் அடுத்தவன். இவர்கள் வளரும்வரை தாம் இருப்போமோ என்ற கவலையில் அவர்களுக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். அவை 2019இல் நூலாயின. போரையும் அவர் அதில் மறைக்கவில்லை. ஊராருக்கெல்லாம் எழுதக் கற்பித்தவர், கடைசியில் எழுத உட்கார்ந்தது தம் பிள்ளைகளுக்காக!

இங்கே என் மாணவன் ஒருவன் 'எங்கள் வீடு' என்ற தலைப்பில் எழுதியது ஞாபகம் வருகிறது. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட குடும்பம் அவனுடையது. "மன்னாரைப் பற்றிக் கேட்டால் வாப்பா சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்" என்று எழுதியிருந்தான். அந்த வாப்பா அப்போது பத்து வயதுப் பிள்ளை.

ஆண்பிள்ளை பேசாமல் இருந்தால் 'ஸபூர்' என்று மெச்சுகிறோம். எல்லா மௌனமும் பொறுமையாகிவிடாது. சில மௌனங்கள் இறக்கி வைக்க இடமில்லாத சுமை. அதன் பாரம் பிள்ளைகளுக்கும் தெரியும்; காரணம் மட்டும் தெரியாது. காரணம் தெரியாத பிள்ளை, தன் மீதுதான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்ளும்.

ஆகவே உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் வற்புறுத்தாதீர்கள். தேநீரைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். இன்று சொல்லாவிட்டால் இன்னொரு நாள் மறுபடி கேளுங்கள். யாராவது மறுபடி கேட்க மாட்டார்களா என்று அவரும் காத்திருக்கலாம்.