கண்ணாகும் குரல்

பெரம்பலூர் மாவட்டத்து எறையூர் போன்ற ஊர்களில் கபடிப் போட்டி நடைபெறும் இரவுகளில், ஆடுகளத்தைச் சுற்றி மக்கள் நெருங்கி நிற்பர். முன்வரிசையினர் ஆட்டத்தைக் கண்ணால் காண்பர். பின்னால் நிற்போரோ ஒலிபெருக்கியில் வரும் குரலால் காண்பர். ‘பாடி வருகிறார்; வலப்பக்கம் திரும்புகிறார்; தொட்டுவிட்டார்!’ என்னும் அக்குரலே அவர்களுக்குக் கண். பார்க்க இயலாதவருக்காகப் பேசுவதே நேர்முக வருணனை. அதன் மொழிப் பழக்கங்கள் இத்தேவையிலிருந்தே பிறந்தன.

1975ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கோப்பை ஹாக்கி இறுதிப்போட்டியில், பாகிஸ்தானை 2-1 என்னும் கோல்கணக்கில் இந்தியா வென்றது. வெற்றிக் கோலை அடித்தவர் தியான்சந்தின் மகன் அசோக்குமார். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பெற்றதோ அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் நாள்தான். ஆகவே, அவ்வெற்றி தமிழ்நாட்டு இல்லங்களுக்கு வானொலி வழியே, ஜஸ்தேவ் சிங் போன்றோரின் குரலாகவே வந்தது. பந்து நடுக்களத்தில் இருக்கும்போது தாழ்ந்து செல்லும் வருணனையாளர் குரல், கோல் வட்டத்தை நெருங்க நெருங்க உயரும். மொழி அறியாதவர்க்கும் அவ்வேற்றம் ஆட்டத்தை உணர்த்திவிடும்.

ஹாக்கிப் பந்து வாக்கியத்தைவிட விரைவானது. தமிழிலோ வினைமுற்று இறுதியில் வருவதே இயல்பு. ‘நடுக்கள வீரர் பந்தை இடப்பக்கம் நிற்கும் முன்கள வீரரிடம் தள்ளிவிடுகிறார்’ என்று முடிப்பதற்குள் பந்து மூவரைக் கடந்திருக்கும். எனவே, வருணனையாளர் வினையை விடுத்து, ‘இடப்பக்கம்... முன்கள வீரர்... வட்டத்திற்குள்...’ என்பார். எழுத்தில் குறையாகத் தோன்றும் இத்தொடர் கேட்பவர் மனத்தில் முழுமை பெறும். பந்து வலையைத் தொட்டதும் ‘கோல்! கோல்! கோல்!’ என முழங்குவார். இலக்கணம் இதனை அடுக்குத்தொடர் என்னும். விரைவுப்பொருளில் வரும் சொல் மும்முறை வரை அடுக்கும் என்று தொல்காப்பியம் வரம்பு கூறுகிறது. இன்றைய ஆடுகளத்திலும் அப்பழைய இலக்கணம் உயிரோடு இருக்கிறது. வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் வருணித்த அப்துல் ஜப்பார் உள்ளிட்டோர், விரைந்து நிகழும் ஆட்டத்தை உடனுக்குடன் உரைக்கும் ஆற்றல் தமிழுக்கு உண்டு என்பதை மெய்ப்பித்தனர்.

பழக்கம் வெற்றுச் சடங்காவதும் உண்டு. ஒவ்வொரு பந்தும் ‘மின்னலெனப் பாய்ந்தது’ என்றால் மின்னலுக்கு மதிப்பில்லை. பந்து எந்தப் பக்கம், எவரிடம் என்று கூறாத ஆரவாரம் கேட்பவரை இருளில் நிறுத்திவிடும். கோல்கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்வது சிலருக்குச் சலிப்பூட்டலாம். ஆயினும், அந்நொடியில்தான் வானொலியைத் திறந்தவர் எங்கோ ஒருவர் இருப்பார். அவரை மறவாமையே வருணனையாளரின் அறம்.

கபடிக் கூட்டத்தின் பின்வரிசையில் பார்வையற்ற ஒருவரும் நிற்கக்கூடும். வீடு திரும்பியதும், ‘நானும் ஆட்டம் பார்த்தேன்’ என்று அவர் சொல்வாராயின், அன்று வென்றவருள் வருணனையாளரும் ஒருவர்.